உலைக்கு முன்னே ஒரு கணக்கு



குறைகடத்திச் சில்லுகள் செய்யும் விதத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஆலைக்குட் புகுமுன் கணினியிலே நடைபெறும் ஒத்திகையைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகின்றேன்.

ஒரு சில்லு பல நூறு படிகளைத் தாண்டியே உருப்பெறுகின்றது. சிலிக்கன் தட்டை உலையிலிட்டு ஒட்சைட்டுப் படலம் வளர்ப்பர், போரன், பொசுபரசு முதலியவற்றை அயன்களாக்கி உள்ளே பாய்ச்சுவர், மீண்டும் சுடுவர். சுடுந்தோறும் முன்பு பாய்ச்சிய அணுக்கள் சற்று நகர்ந்துவிடும். எனவே கடைசியிற் கண்ட பிழை எந்தப் படியிற் பிறந்தது என்று அறிவது இலேசான காரியமன்று. பல வாரம் உழைத்தபின் தட்டைக் குப்பையில் எறிவதிலும், முன்னரே கணக்கிட்டுப் பார்ப்பது சிக்கனமல்லவா?

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெயார்சைல்ட் கம்பனியைச் சேர்ந்த புறூஸ் டீல், அன்றூ குறோவ் என்னும் இருவர் ஒட்சைட்டு வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு கண்டனர். ஒட்சிசன் ஏற்கெனவே வளர்ந்த படலத்தை ஊடுருவிச் சென்றே அடியிலுள்ள சிலிக்கனை அடையவேண்டும். படலம் மெல்லியதாயின் வளர்ச்சி நேரத்துக்கு நேர்விகிதமாகும். தடித்துவிட்டாலோ வழி நீளுகின்றது. தடிப்பை இருமடங்காக்க மொத்த நேரம் நான்கு மடங்காகும். 100 நனோமீற்றர் ஒட்சைட்டு வளர ஏறக்குறைய 44 நனோமீற்றர் சிலிக்கன் செலவாகும்.

1977இல் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 'சுப்பிரீம்' என்னும் நிரலை வெளியிட்டனர். தொடக்கத்தில் அது ஆழத்தை மட்டுமே கணித்தது. பக்கவாட்டுப் பரவலையும் கணிப்பது பின்வந்த நான்காம் பதிப்பு.

கணினி சொன்னதெல்லாம் வேதவாக்கென்று நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த ஒட்சிசனில் முதல் 25 நனோமீற்றர் அளவு, அச்சமன்பாடு கூறுவதிலும் விரைவாகவே வளர்கின்றது. சமன்பாட்டைக் கண்டவர்களே இதை ஒளிக்காமற் கூறினர். பின்னாளிலோ திரான்சிஸ்டரின் வாயிற்படலம் 2 நனோமீற்றருக்கும் கீழிறங்கிற்று. விதி பிசகும் இடமே ஆலைக்கு வேண்டிய இடமாயிற்று! ஆகவே உண்மைத் தட்டுக்களை அளந்து நிரலின் மாறிலிகளைத் திருத்திக்கொண்டே இருக்கின்றனர்.

"ஆலையில்லா நாட்டில் இதைப் படித்து என்ன பயன், தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஸ்ரான்போட்டின் நான்காம் பதிப்பு மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கின்றது. சாதாரணக் கணினியே போதும். எமக்குக் கிட்டாதவை ஆலைகள் பூட்டி வைத்திருக்கும் அளவைகளே. எனினும் வெளிவந்த பழைய கட்டுரைகளில் அளவைகள் உண்டு. 1965ஆம் ஆண்டு வளைகோட்டை நிரலிலே வரைந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.