சோலார் பலகையும் ஒழுகாத கூரையும்

கரங்கான், கூலிம் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மாத மழை எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால், கூரையில் சோலார் பலகை பொருத்த நினைப்பவர்கள் மின்கட்டணத்தைக் கணக்குப் போடுவதற்கு முன்பு கூரையைப் பாருங்கள். பலகை 25 ஆண்டு உழைக்கும். அடியில் இருக்கும் தகரம் அவ்வளவு நாள் தாங்குமா? துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

தகரக் கூரையில் பலகையைப் பிடிக்கும் திருகாணியை அலையின் மேட்டில்தான் இறக்க வேண்டும். பள்ளத்தில் இறக்கினால், மழைநீர் முழுவதும் அந்தத் துளையைக் கடந்துதான் ஓடும். திருகாணி அடியிலுள்ள கட்டையில் பிடிக்க வேண்டும். வெறும் தகரத்தில் பிடித்தால் காற்றில் ஆடி, துளை பெரிதாகிவிடும். தலைக்கு அடியில் ரப்பர் வளையம் அவசியம். சிலிக்கோன் பசையை மட்டும் பூசிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். நம் வெயிலில் தகரம் தினமும் விரிந்து சுருங்கும், பசை வெடித்துவிடும்.

ஓட்டு வீடா? ஓட்டைத் துளைக்கவே வேண்டாம். ஓட்டைத் தூக்கி, பலகையைத் தாங்கும் கொக்கியைக் கட்டையில் முடுக்கி, கொக்கி வரும் இடத்தில் ஓட்டின் அடியைக் கொஞ்சம் தேய்த்து மூடினால் போதும். தேய்க்காமல் மூடினால் இடைவெளி விழும், அல்லது ஓடு உடையும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்தால் கிளம்பும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அதில் கை வைக்காதீர்கள்.

ரப்பர் மரத்தோரம் குடியிருப்பவர்களே, பலகைக்கு அடியில் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளே ஏறும். முதல் பெருமழை விட்டதும் டார்ச்சோடு கூரையின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஈரக்கறை தெரிந்தால் அன்றைக்கே பொருத்தியவரைக் கூப்பிடுங்கள்.