வெயில் தாக்கினால் மாத்திரை உதவாது



நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய 4 கிராம்தான். ஆனாலும் பசி, தாகம், உறக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றைச் சமநிலையில் வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

உடல் வெப்பத்தை அது 37 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காத்துவருகிறது. வெப்பம் கூடினால் வியர்வையை வரவழைக்கிறது. குளிர்ந்தால் நடுக்கத்தை உண்டாக்குகிறது.

நோய்க்கிருமிகள் நுழையும்போது அந்த அளவை அதுவே உயர்த்திவிடுகிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது நமக்குக் குளிர்கிறது. பாரசிட்டமால் கொடுத்தால் அளவு மீண்டும் இறங்குகிறது.

'சன் ஸ்ட்ரோக்' என்கிற வெயில் தாக்கம் அப்படியல்ல. அங்கே அளவு உயர்வதில்லை. உடலில் சேர்ந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது. ஆகவே பாரசிட்டமால் பயன் தராது.

வெயிலில் வேலை செய்தவர் உடல் கொதிக்க, உளறினாலோ மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வியர்க்கிறதே என்று தாமதிக்க வேண்டாம். வண்டி வரும்வரை அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாத்திரை தேடும் நேரத்தில் உயிர் போய்விடலாம். ஒரு குடம் தண்ணீர் அதைக் காக்கலாம். இதை உங்கள் அண்டை வீட்டாருக்கும், வயலில் வேலை செய்வோருக்கும் சொல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.