கறுத்துப் போயிருவேன் டீச்சர்

(காரைக்குடியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசிப்புப் பயிற்சி பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். இன்று ஒருநாள் வேறொன்றைப் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கிறேன். அதில் ஒரு பிள்ளைக்கு நான் செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்குப் பணியில் ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். குறுவட்டப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். ஆண்டு விழா நடனத்தையும் அவள்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மேடையில் வரிசை கட்டும் நேரம் வந்தபோது நான் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். "நீ உயரமான பிள்ளை, பின்னால நில்லும்மா" என்றேன். அவள் உயரமே இல்லை. முன்வரிசையில் யாரை நிறுத்தினேன், எதற்காக நிறுத்தினேன் என்பதை நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும். அவளுக்கும் விளங்கியது.

அடுத்த வாரத்திலிருந்து விளையாட்டுப் பாடவேளையில் அவள் மைதானத்தில் இறங்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "வெயில்ல ஓடினா இன்னும் கறுத்துப் போயிருவேன் டீச்சர்" என்றாள். மாவட்டப் போட்டிக்கு அவள் போகவில்லை. பிறகு அந்தப் பள்ளியில் இருந்தவரை அவள் ஓடிப் பார்த்த நினைவு எனக்கில்லை.

ஒரு சொல்கூடத் திட்டாமல் ஒரு பிள்ளையை மைதானத்தை விட்டு வெளியேற்றிவிட்டேன். அதன் பிறகுதான் இந்த நிற விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. வெயிலில் கறுத்த தோல் அழகா, வெளுத்த தோல் அழகா என்பதற்கு ஊருக்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரே ஊரிலேயே காலத்துக்கு ஒரு பதிலும் இருக்கிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். நான் பணியில் சேர்ந்த வருடம் என் வருகைப் பதிவேட்டில் மூன்று கருப்பையா, இரண்டு கருப்பாயி. கருப்பர் கோயில் இல்லாத கிராமத்தை இந்த மாவட்டத்தில் தேடத்தான் வேண்டும். பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது பெருமையாக இருந்தது. காளையார்கோயில் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாவை நாடே அறியும். வானொலியில் பாடி, 1985-இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்து, கலைமாமணி விருது பெற்றவர். இந்த ஆண்டு என் பள்ளிப் பதிவேட்டில் ஒரு கருப்பையாவும் இல்லை. பெயர் நாகரிகம் மாறியிருக்கலாம், அது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். ஆனாலும் பதிவேட்டைப் புரட்டும்போது மனம் எங்கோ போகிறது.

காரைக்குடி கம்பன் ஊர். 1939-இல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து பங்குனியில் ஊரே கூடி கம்பன் பாட்டைக் கேட்கிறோம். கம்பனின் இராமன் என்ன நிறம்? மையையும் மரகதத்தையும் கடலையும் மேகத்தையும் உவமை தேடிப் பார்த்து, எதுவும் போதவில்லை என்று கவிஞர் தடுமாறும் நிறம். அந்தப் பாட்டுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "பொண்ணு நல்ல சிவப்பா?" என்று தரகரிடம் கேட்கிறோம். இரண்டும் ஒரே வாயால்தான்.

இன்னும் பின்னால் போனால் நிலைமை தலைகீழ். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அவளை 'மாயோள்' என்றே அழைப்பதும் உண்டு. தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய்ப் பசலை படர்கிறது. பீர்க்கம்பூப் போல மேனி வெளுத்து மஞ்சளிக்கிறது. திருக்குறளில் இந்தப் பசப்புக்கென்றே தனி அதிகாரம், 119-ஆவது. அந்தக் கவிஞர்களுக்கு நிறம் வெளுப்பது துன்பத்தின் அடையாளம். தோழி பதறுகிறாள், தாய் கவலைப்படுகிறாள். இன்று கடையில் காசு கொடுத்து எதை வாங்குகிறோமோ அதைத்தான் அவர்கள் நோய் என்றார்கள். பொன்மேனியைப் புகழ்ந்த பாடல்களும் அங்கே உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கறுப்பு என்றாலே குறை என்ற எண்ணம் அங்கே இல்லை. தமிழாசிரியர்கள் பசலையை நடத்தும்போது இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். "அப்போ வெளுத்துப் போனா அழகு இல்லையா டீச்சர்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். எனக்கு ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறது.

என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அவர் சொன்ன கதைகளில் ஒன்று 'தனக்கா'. விளாமர இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டையைக் கல்லில் தண்ணீர்விட்டு உரசி, சந்தனம் போலக் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். நாற்று நடுகிற பெண்ணும் பூசுவாள், கடையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணும் பூசுவாள், சின்னப் பையன்களுக்கும் பூசிவிடுவார்கள். வெயிலுக்குக் காப்பு, குளிர்ச்சி, அலங்காரம் எல்லாம் அதுவே. "அங்க வெயிலுக்கு எல்லாரும் பூசுவாக, இங்க நாமதான் வெயிலுக்குத் திட்டு வாங்குறோம்" என்பார் தாத்தா. அவர் நல்ல கறுப்பு.

ஐரோப்பாவின் கதை வேறு. ஒரு காலத்தில் அங்கே சீமாட்டிகள் வெள்ளை ஈயத்தைக் குழைத்து முகத்தில் பூசினார்கள். அது நஞ்சு. வயலில் வேலை செய்பவள் வெயிலில் கன்றியிருப்பாள். அவளைப் போல் இல்லை என்று காட்டுவதற்காக அந்த வெளுப்பு. பிறகு ஆலைகள் வந்தன. ஏழைகள் கூரைக்கு உள்ளேயும் சுரங்கத்துக்கு உள்ளேயும் போய் வெளுத்தார்கள். வெயிலில் காய நேரமும் பணமும் உள்ளவர்கள் கடற்கரைக்குப் போய்க் கறுத்தார்கள். சூரிய ஒளி உடலுக்கு நல்லது என்ற மருத்துவமும் சேர்ந்துகொண்டது. ஒளியால் தோல் காசநோய்க்குச் சிகிச்சை கண்ட நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1920-களில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் வெயிலில் கறுத்த மேனியோடு விடுமுறையிலிருந்து திரும்பியதுதான் தொடக்கம் என்று சுவையாகச் சொல்வார்கள். ஒருவரால் மட்டும் வருகிற மாற்றமா அது? ஆனால் அந்தத் தலைமுறைக்குள் அங்கே கறுத்த தோல் வசதியின் அடையாளமாகிவிட்டது. வெயில் கிடைக்காத ஊரில் மின்விளக்குப் படுக்கையில் படுத்துக் கறுக்கிறார்கள். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவிலேயே சேர்த்தது. சீனாவில் சிங்தாவ் கடற்கரையிலோ, பெண்கள் கண், மூக்கு, வாய்க்கு மட்டும் துளைவிட்ட துணி முகமூடியை மாட்டிக்கொண்டு கடலில் குளிக்கிறார்கள், கறுத்துவிடக் கூடாது என்று.

இங்கே விஷயம் தோலைப் பற்றியதே அல்ல என்று எனக்குப் படுகிறது. வெயிலில் நிற்க வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் கணக்கு. கட்டாயத்தில் நிற்பவனின் நிறம் எதுவோ, அது அந்த ஊரில் தாழ்ந்த நிறம். நம் ஊரில் அந்தக் கணக்கோடு சாதியும் சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் பேசியவளாவேன். நூறுநாள் வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளையை அழைக்க வருகிற தாயின் கையையும், காரில் வந்து இறங்குகிற தாயின் கையையும் நம் வாசலிலேயே பார்க்கிறோம். யாரிடம் முதலில் "வாங்க" என்கிறோம்?

இந்தக் கணக்கை வியாபாரம் நன்றாகப் புரிந்துகொண்டது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் சந்தைக்கு வந்தது. கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, பூசியதும் கிடைத்துவிடும் என்ற விளம்பரங்களைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். 2014-இல் விளம்பரத் தர மன்றம், கறுத்த நிறத்தாரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல் போய் 'க்ளோ' வந்தது. நல்லதுதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை பையில் வைத்திருப்பது பெயர் தெரிந்த களிம்பாக இருப்பதில்லை. சந்தையில் வாங்கிய, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத சின்ன டப்பா. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட வெளுப்புக் களிம்புகளைப் பூசி வந்ததையும் அவற்றில் பாதரசம் இருந்ததையும் கண்டார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு தோலை மெலியவைக்கும். உங்கள் வகுப்பில் திடீரென்று ஒரு பிள்ளையின் முகம் வெளுத்துச் சிவந்து எரிகிறது என்றால் கோபப்படாமல் தனியாக அழைத்துக் கேளுங்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்; அவை எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குடை. கறுத்த தோல், உடலிலுள்ள ஃபோலேட் சத்து வெயிலில் சிதையாமல் காக்கிறது. வெயில் குறைந்த நாடுகளில் வெளுத்த தோல் வைட்டமின் டி உண்டாக உதவுகிறது என்று மானிடவியலாளர் நீனா யாப்லான்ஸ்கி விளக்குகிறார். வெயில் காய்கிற சிவகங்கைச் சீமைக்கு எந்தத் தோல் பொருத்தம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தொடக்கப் பள்ளியில் இன்னும் முன்னதாகவே ஆரம்பிக்கலாம். மனிதரை வரையச் சொன்னால் பிள்ளைகள் வெளிர் ஆரஞ்சுக் கிரேயானை எடுத்து, "தோல் கலர்" என்கிறார்கள். யாருடைய தோல்? அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனமும் அந்த நிறத்துக்குத் 'தோல்' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தது. 1962-இல் அதை மாற்றிப் பீச் பழத்தின் பெயரை வைத்தார்கள். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, பிள்ளைகளைத் தங்கள் கையைத் தாளின் மேல் வைத்து அதே நிறம் வரும்வரை கிரேயான்களைக் கலக்கச் சொன்னார். ஒரு பாடவேளை போதவில்லை. காபிக்கொட்டை, பனங்கற்கண்டு, புளி என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். ஒருவன் கையிலும் ஆரஞ்சு இல்லை.

விருந்தினரை வரவேற்க ரோஜாத்தட்டோடு யாரை நிறுத்துகிறோம், நாடகத்தில் அரக்கன் வேடம் யாருக்குப் போகிறது, "ஏய் கருவாயா" என்று செல்லமாகக் கூப்பிடுகிறவர் யார் என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செல்லத்தைப் பிள்ளைகள் செல்லமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஜூனில் சேர்க்கைக்காக ஒரு தாய் மகளோடு வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த 200 மீட்டர்ப் பெண். என்னைக் கண்டதில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. படிவத்தை நிரப்பி முடித்ததும் எழுந்து, தயங்கி, "டீச்சர், பாப்பாவ வெயில்ல மட்டும் நிக்க வைக்காதீங்க. ஏற்கெனவே என் கலரு" என்றாள்.

அன்று ஆண்டு விழாவில் நடந்ததை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். நீ உயரமில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவள் சிரித்தாள். "அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்போ" என்றாள். ஆனால் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்திரேலியாவில் பல தொடக்கப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளையை விளையாட விடமாட்டார்கள். தோல் புற்றுநோய் மிகுந்த நாடு என்பதால் அந்த விதி. பிள்ளையை வெயிலிலிருந்து காப்பது வேறு, மைதானத்திலிருந்து விலக்குவது வேறு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். "ஒரு தொப்பி மட்டும் கொடுத்து அனுப்பும்மா. காலையில முதல் பாடவேளையிலயே ஓட விடுறோம்" என்றேன்.

பதில் சொல்லாமல் போனாள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை தலையைவிடப் பெரிய ஒரு துணித் தொப்பியோடு வந்தது. ஓடும்போது அது பறந்து விழ, திரும்பி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடியது. நான்காவதாக வந்தது.