அடைபட்ட குதிரையின் தவிப்பு

1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத் திடலில் ரஃபியன் என்னும் பெண்குதிரையின் வலது முன்கால் முறிந்தது. அறுவை முடிந்து மயக்கம் தெளிகையில், அக்குதிரை படுத்தவாறே ஓடுவதுபோல் கால்களை வீசிற்று. போட்ட கட்டு சிதைந்தது. மறுநாள் அதன் துன்பத்தை மருந்தால் முடிக்க நேர்ந்தது.

அஞ்சினால் ஓடுவதே குதிரையின் இயல்பு. காயம் ஆறுவதற்காகவே தன்னை அடைத்துள்ளனர் என்பதை அது அறியாது. ஆதலின், லாயத்தில் அது கதவை உதைப்பதும், மரத்தைக் கவ்வுவதும், ஓயாது அசைந்தாடுவதும் குறும்பல்ல; தவிப்பே ஆகும். சாட்டை அத்தவிப்பை மிகுவிக்கும்.

செய்யத்தக்கவை சில உள. வேலையற்ற குதிரைக்குக் கொள்ளையும் தானியத்தையும் படிப்படியாகக் குறைத்திடுக. அதன் இரைப்பையில் அமிலம் இடையறாது சுரப்பதால், வயிறு வெறுமையாயின் புண் உண்டாகும். எனவே உலர்ந்த புல்லைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுக. மற்றொரு குதிரையைக் கண்ணெதிரே கட்டுக. நாள்தோறும் குறித்த வேளையில் உடலைத் தேய்த்துவிடுக. மருத்துவர் இசைந்த பின்னரே, சில நிமிடங்கள் மட்டும் கையில் பிடித்து நடத்துக. அப்பொழுதும் துள்ளுமாயின், அமைதிப்படுத்தும் மருந்தை அவரே தரட்டும்.

எலும்பைப் பொருத்துவது மருத்துவர் கடமை. அது கூடும்வரை குதிரையை அமைதியாக வைத்திருப்பது வளர்ப்பவர் கடமை.