பிள்ளைகள் ஓடும் நிலம் யாருடையது?

(சப்ரகமுவத் தோட்டப்பகுதிப் பாடசாலை ஒன்றில் இல்ல விளையாட்டுப் போட்டியை அடுத்து நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைய அரைப்பேரை இழந்து இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! தந்தைமாரே!

வெற்றி பெற்ற இல்லத்தையும் தோல்வியுற்ற இல்லங்களையும் பாராட்டி இரண்டு வார்த்தை பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பாராட்டுகிறேன், மனமாரப் பாராட்டுகிறேன். ஆயின், பிள்ளைகள் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண், அவர்கள் ஓடிய நிலத்தின் மீதே நிலைத்து நின்றது. ஆகவே அந்த நிலத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நூறு மீற்றர் ஓட்டம் எங்கே நடைபெற்றது? பிரட்டுக்களத்திலே தொடங்கிக் கொழுந்து மடுவத்தின் அருகே முடிந்தது. இருநூறு மீற்றர் ஓட்டத்துக்கு அங்கே இடம் போதாமையால் தொழிற்சாலைப் பாதையிலே பிள்ளைகளை ஓட விட்டார்கள். மேலிருந்து கீழ்நோக்கி ஓடினால் நேரம் குறையும் என்பது எந்த நடுவருக்கும் தெரியும். ஆதலின் இங்கே பதிவான நேரத்தை வலயத்தில் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். கேடு விளைவது வேறொரு இடத்தில். கோட்டப் போட்டி, வலயப் போட்டி, மாகாணப் போட்டி, அகில இலங்கைப் போட்டி என்று படிப்படியாக ஏறும் இந்த ஏணியிலே, நம் பிள்ளை இரண்டாம் படியில் கால் வைக்கும்போதுதான் நானூறு மீற்றர் வட்டத் தடத்தை முதன்முதலாகக் காண்கிறது. வளைவிலே தன் தடத்துக்குள் நின்று ஓடுவது பிறவியிலே வரும் வித்தையன்று, பழகினால்தான் வரும். சென்ற ஆண்டு இப்பாடசாலை மாணவி ஒருத்தி எல்லோருக்கும் முன்னே ஓடி வந்தாள். வந்தும், வளைவிலே அடுத்தவர் தடத்தை மிதித்தாள் என்று தகுதி நீக்கப்பட்டாள். நடுவரைக் குறைகூற வழியில்லை, விதி அப்படித்தான். அந்தச் சிறுமியையும் எவ்வாறு குறைகூறுவது? வளைவு என்ற ஒன்றையே காட்டாமல் வளர்த்துவிட்டு, வளைவிலே தவறினாய் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இக்குறையை நீக்கத்தான், லயங்களுக்குக் கீழேயுள்ள வெற்று நிலத்தைச் சமப்படுத்தி, ஒரு வடிகானும் வெட்டித் தருமாறு பெற்றோர் சங்கத்தார் பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். மறுமொழி வந்தது. ஒரே வரி. “மேற்படி நிலம் தோட்டக் காணியாதலால் சபையின் தத்துவங்களுக்கு உட்பட்டதன்று.” அந்த வரியை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தமக்கு முன்னிருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினார், முன்னிருந்தவர் அவருக்கும் முன்னிருந்தவரைப் பார்த்து எழுதினார். அப்படியே பின்னோக்கிப் போனால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சென்று நிற்போம். அங்கே உங்களை ஒருமுறை அழைத்துச் செல்லவேண்டும்.

இந்நாட்டில் 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. சட்டம் விதித்த தகுதிகளைக் காட்டிய தோட்டத் தொழிலாளி அரசாங்க சபைக்கு வாக்களித்தான். ஆயினும் அவன் குடியிருந்த பிரதேசத்தின் கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்க முடியவில்லை. 1937, 1938ஆம் ஆண்டுகளிலே கிராமச் சங்கக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அக்காலத்தில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்க அவர்கள். இந்தியத் தொழிலாளரை இனப் பெயர் சொல்லியே விலக்குவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. பிறகு என்ன செய்தார்கள்? இனப் பெயரை எடுத்துவிட்டுத் தோட்டத்திலே குடியிருக்கும் தொழிலாளி என்ற சொற்களை வைத்தார்கள்! சட்டத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மனிதனைச் சுட்டாமல் அவன் படுத்துறங்கும் காம்பிராவைச் சுட்டினார்கள். நாட்டின் மந்திரியாகக்கூடியவரைத் தெரிவு செய்ய அவனுக்கு அறிவுண்டு. தன் வாசலில் ஓடும் கானை வெட்டுபவரைத் தெரிவு செய்ய மட்டும் அறிவில்லை போலும்!

அதன் பின் நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்ட அம்மையார் இதே இரத்தினபுரி மண்ணிலே பிறந்தவர் என்பதையும் இடையிலே சொல்லி வைக்கிறேன். நாடற்றோர் என்ற இழிசொல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் ஒழிந்தது.

குடியுரிமை வந்தது, வாக்கும் வந்தது. தோட்டத்துக்கும் ஊராட்சிக்கும் இடையிலிருந்த வேலி மட்டும் விழவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைக் கிராம அபிவிருத்திக்குச் செலவிடுவதைப் பற்றிப் பேசியது. தோட்டம் கிராமமாகாது என்று சபைகள் பொருள்கொண்டன. தோட்டப் பாதை தனியார் பாதை, தோட்டக் கான் தனியார் கான் என்று கையை விரித்தன. அதே சட்டத்தின் 134ஆம் பிரிவையும் புரட்டிப் பாருங்கள். பயிர்செய்த காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கும் தத்துவம் அங்கே சபைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வரி வாங்கும்போது தோட்டம் சபையின் எல்லைக்குள் இருக்கும். வடிகான் கேட்கும்போது எல்லைக்கு வெளியே போய்விடும். வாக்குக் கேட்கும் காலத்திலோ சபையின் நட்ட நடுவிலே வந்து நிற்கும்!

இந்நிலையை மாற்றத்தான் 2018ஆம் ஆண்டில் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. தோட்டப் பிரதேசத்திலும் சபை தன் நிதியைச் செலவிட அது வழி திறந்தது. ஆகவே 2018க்கு முன் அந்த ஒரு வரி மறுமொழியைச் சட்டம் என்று சொல்லலாம். இன்று அது வெறும் பழக்கம். பழக்கத்தைச் சட்டமென்று நம்பி நாம் வாய்மூடி இருப்போமாயின், அச்சட்டத்தை நிறைவேற்றியதும் நிறைவேற்றாததும் ஒன்றே.

நுவரெலியாவிலே நிலைமை வேறு. அங்கே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரும் பிரதேச சபைகளையும் மும்மூன்றாகப் பிரித்தார்கள். நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் இடமாதலால் தலைவர் ஆசனத்திலும் அமர்கிறார்கள். சப்ரகமுவவிலே நாம் சிதறிக் கிடக்கிறோம். இறக்குவானையில் ஒரு பிடி, காவத்தையில் ஒரு பிடி, தெரணியகலையில் ஒரு பிடி, யட்டியந்தோட்டையில் ஒரு பிடி. வட்டாரங்களில் தனித்து வெல்லும் பலம் நமக்கு அரிது. 2012ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தலிலே 44 ஆசனங்களில் 2 ஆசனங்களை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பெற்றது. அச்சபையின் காலம் 2017இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்காக மாகாணம் ஆளுநர் கையிலே இருந்தது. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடக்கும்வரை செயலாளர்களாலேயே நடத்தப்பட்டன. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் அவர்கள் தெரிவாகிப் பிரதி அமைச்சருமானார். எக்கட்சியாயினும் நம்மவர் ஒருவர் அங்கே போனது மகிழ்ச்சியே. ஆனால் பாராளுமன்றத்திலே ஒருவர் இருப்பதனால் இங்கே வடிகான் வெட்டப்பட்டுவிடாது. அது சபையின் வேலை. சபையைக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

நாம் என்ன கேட்டுப் பழகியிருக்கிறோம்? தேர்தல் வந்தால் ஒரு கரப்பந்தும் ஒரு வலையும்! எல்லாக் கட்சிகளுமே இதைக் கொடுக்கின்றன, என் கட்சியும் விதிவிலக்கன்று. கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. அதற்குப் பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் போதும். லயத்து முற்றத்திலேயே அடங்கிவிடும். கொடுப்பவருக்குச் செலவு சிறிது, நிலம் கேட்கும் தொல்லையுமில்லை. அந்த வலையைக் கட்டும் கம்பம் எவருடைய மண்ணிலே நடப்படுகிறது என்று நாமும் கேட்டதில்லை.

இப்பொழுது கேட்போம். அந்த மண் அரசின் மண். 1972ஆம், 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு அவை போயின. போனது நிர்வாகமும் குத்தகையும் மட்டுமே, உரித்து அரசிடமே நின்றது. அக்குத்தகையின் காலம் 2045ஆம் ஆண்டு வரை. தோட்டத் துரையவர்கள் இன்றைய போட்டிக்கு நல்ல மனத்தோடு அனுமதிக் கடிதம் தந்தார், அவருக்கு நன்றி. கடிதத்தில் “இன்று ஒரு நாளைக்கு மட்டும்” என்று எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு துரை வரலாம். அவருக்கு விளையாட்டுப் பிடிக்காமல் போகலாம், அல்லது அந்த வெற்று நிலத்திலே மரம் நடுவதற்கு மேலிடத்திலிருந்து கட்டளை வரலாம். பிள்ளைகளின் ஓட்டம் ஒருவருடைய நல்ல மனத்திலே தொங்கக்கூடாது.

உரித்தில்லாதவன் நிலத்தில் நின்றால் என்னவாகும் என்பதற்கு நம் மாகாணமே சான்று. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர்த் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்தது. உழைத்துக் குடியிருந்தவர்களை வெளியேறச் சொன்னது. மறுத்தவர்கள் மீது அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுக்காகத் தோட்டங்கள் தோறும் வேலைநிறுத்தம் எழுந்தது. அன்று நிலம் பெற வந்த கிராமத்துச் சிங்கள ஏழைக்கும் நிலம் உண்மையிலேயே தேவைப்பட்டது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்தி வைத்ததுதான் அங்கே நடந்த அநியாயம்.

ஆதலின் இந்தக் கோரிக்கையை நாம் மட்டும் தனியே எடுத்துச் செல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஞாயிற்றுக்கிழமைகளிலே அந்த வெற்று நிலத்தில் விளையாடுபவர் யார்? கீழ்க் கிராமத்து இளைஞர்களும் நம் இளைஞர்களும் சேர்ந்தே விளையாடுகிறார்கள். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டிலே இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் நடந்ததை இங்கிருக்கும் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். மறக்கும்படி நானும் சொல்லவில்லை. ஆயினும் 2016 மே மாதத்தில் மலை சரிந்தபோது அரநாயக்கவில் கிராமத்தையும் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தையும் ஒருசேர அள்ளிக்கொண்டு போயிற்று. மேலேயிருந்து வரும் வெள்ளநீர் நம் லயத்தைத் தாண்டித்தான் அவர்களுடைய மிளகுத் தோட்டத்துக்கும் சிறு தேயிலைக் காணிக்கும் போகிறது. இங்கே வடிகான் வெட்டினால் அங்கே மண் அரிப்பு நிற்கும். அவர்கள் இதற்கு ஒப்பமிடமாட்டார்கள் என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்?

கோரிக்கையின் வாசகத்தைச் சொல்கிறேன். அந்த நிலம் அளக்கப்பட்டு, குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பொது விளையாட்டு மைதானமாகச் சபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட வேண்டும். பாடசாலை நேரத்தில் பாடசாலைக்கும், பிறகு இரு ஊராருக்கும் அது பயன்பட வேண்டும். இது நடவாத காரியமன்று. வீடு கட்ட ஏழு பேர்ச் காணியைத் தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுக்க அரசால் முடிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு மைதானத்தைப் பிரிக்க முடியாது என்று சொன்னால், முடியாமைக்குக் காரணத்தை எழுத்திலே தரட்டும்.

எழுத்து என்றேன். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி நாம் தமிழிலே எழுதலாம், தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையும் நமக்குண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனியே ஒரு விண்ணப்பமும் அனுப்பப்படும். 2018க்குப் பின் இச்சபை தோட்டங்களிலே எவ்வேலைக்கு எவ்வளவு செலவிட்டது, ஏக்கர் வரியாக எவ்வளவு பெற்றது என்னும் இரண்டு கேள்விகள் மட்டுமே அதில் உண்டு. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடியுமுன் சபைக்கு வரும். அது வருவதற்கு முன்பே நமது மனு அங்கே போய்ச் சேரவேண்டும். தீபாவளி முற்பணத்தைப் பற்றிப் பேசும் அவசரத்திலே இதை மறந்துவிடாதீர்கள்.

மனு அதிபரவர்களின் மேசையிலே இருக்கிறது. தேருநர் இடாப்பில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், வீட்டில் அழைக்கும் பெயர் வேண்டாம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் குறியுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஒருவர் சாட்சிக் கையொப்பம் இடுவார். சிங்களப் படியை நாளைக் காலை நானும் பெற்றோர் சங்கச் செயலாளரும் கீழ்க் கிராமத்துக்கு எடுத்துச் செல்கிறோம். உங்களில் நால்வர் எங்களோடு வந்தால் நல்லது. ஏழு மணிக்குப் பாலத்தடியில் நிற்போம்.