நகர வாழ்வும் நம் செவி விருந்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

உடன் பணியாற்றும் அன்பர்களே, சுண்டல் எப்பொழுது வருமென்று முன்வரிசையில் அமர்ந்து எதிர்நோக்கியிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இசையைப் பற்றிப் பேச இசைப்புலவர் ஒருவரை அழைப்பதே முறை. நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு ஏட்டுக்கல்வியை முடித்துக்கொண்டு, சரக்குச் சீட்டுகளையும் கணக்கேடுகளையும் புரட்டிக் காலங்கழித்து வரும் இரயில்வே எழுத்தர். ஆயினும், பாடத் தெரியாதவனும் கேட்கத் தெரிந்தவனாயின் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் துணிவு கூறியமையால் இம்மேடை ஏறினோம். வண்டியை ஓட்டத் தெரியாதவனும் அதில் பயணஞ் செய்து, கண்ட காட்சிகளைக் கூறலாம் அன்றோ? அவ்வளவே நாம் இன்று செய்யப் போவது.

இந்நகரில் நம் ஒவ்வொரு நாளும் ஓசையோடு விடிந்து ஓசையோடு அடங்குகிறது. பொழுது புலருமுன்னரே தம்பானூரில் வண்டிகளின் ஊதலும் அறிவிப்புகளின் முழக்கமும் தொடங்கிவிடுகின்றன. 1931ஆம் ஆண்டில் இரயில் பாதை சாக்கையிலிருந்து தம்பானூர் வரை நீண்டது. அன்று தொட்டு அந்நிலையம் கண்ணயர்ந்ததில்லை எனலாம். நாகர்கோவில் பக்கமிருந்து சீசன் சீட்டு அன்பர்கள் வந்து இறங்குகின்றனர். தோவாளைப் பூக்கள் சாலைக் கடைத்தெருவை அடைகின்றன. அக்கடைத்தெருவில் நாம் மலையாளத்தில் விலை கேட்கிறோம். கடைக்காரர் நம் பேச்சின் வாடையறிந்து தமிழில் விடை கூறுகிறார். பாளையத்தில் பள்ளிவாசலும் பேராலயமும் கணபதி கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்க, பாங்கொலியும் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. இவற்றினிடையே எங்கேனும் ஒரு வீட்டு வானொலி மெல்ல ஆலாபனையைத் தொடங்குகிறது. 1943இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகப் பிறந்து, 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த நிலையம் இந்நகருடையது. இன்று பெட்டி போய்க் கைப்பேசி வந்துவிட்டது. கருவி மாறினும் காது மாறவில்லை.

இவ்வளவு இருந்தும் நம் குடியிருப்பில் அடிக்கடி ஒரு பேச்சு எழுவதுண்டு. "நாம் பிழைப்பை நாடி வந்தவர்கள், மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுபவர்கள். இவ்வூர் இசையும் விழாவும் இவ்வூராருக்கு, நமக்கென்ன?" என்பது அப்பேச்சு. இது சரியா என்று சற்றே ஆராய்வோம்.

இந்நகரின் இசைக்குத் தலைவாயில் போன்றவர் 1829 முதல் 1846 வரை அரசோச்சிய சுவாதித் திருநாள் மகாராசா. வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் பாடல் புனைந்தவர். அவருடைய அவையில் ஒளிர்ந்த மணிகளுள் ஒருவர் வடிவேலு. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற உடன்பிறந்தாருள் இளையவர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினைக் கருநாடக இசைக்கு இசைவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலாகிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கருவி கடல் கடந்து வந்தது. கலைஞர் காவிரிக் கரையிலிருந்து வந்தார். வந்தவர் கையில் வந்த கருவி இசைத்தபோது, அது இவ்வூர் இசையாயிற்று.

மனிதர் மட்டுமா வருகின்றனர்? தெய்வங்களே ஆண்டுதோறும் வந்து செல்கின்றனர்! தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறிய பின்னர், நவராத்திரி விழாவும் இங்கு வந்தது. அதன் பொருட்டுப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, இடையே இரவு தங்கித் தங்கி இந்நகர் வந்தடைகின்றனர். 1956 நவம்பர் முதல் நாளில் அவ்வூர்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. ஆயினும் ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் மாநில எல்லை கடந்து இன்றும் வருகின்றது. நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: தேவியர்க்கும் நம்மைப் போலவே தற்காலிக இடமாற்றம் உண்டு, ஆனால் அவர்களுக்குத் திரும்பும் நாளும் முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது!

சரசுவதி தேவி எழுந்தருளும் இடம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலையும் அங்கே கச்சேரி. ஒவ்வொரு மாலைக்கும் சுவாதித் திருநாள் இயற்றிய ஒரு கீர்த்தனை முதன்மையானது. முதல் நாள் சங்கராபரணம். அடுத்த நாள் கல்யாணி. பின்னர்ச் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. நம் வண்டிகளின் கால அட்டவணை மாறும். இந்த இராக அட்டவணை மாறுவதில்லை. அங்கே பாடுவது வழிபாடாகும். ஆதலின் எவரும் கைதட்டுவதில்லை. பாட்டு முடிந்ததும் எழும் அந்த அமைதியை ஒரு முறையேனும் நம் குடும்பத்தார் கேட்டு வருதல் வேண்டும். ஆம், அமைதியையும் கேட்கலாம்.

அடுத்துக் கரமனைக்கு வருவோம். நம்மில் பலர் காய்கறி வாங்கவும் பேருந்து மாறவும் மட்டுமே அவ்வூரை அறிவோம். அங்கேதான் நீலகண்ட சிவன் வாழ்ந்து, தூய பத்தியில் தோய்ந்த தமிழ்ப் பாடல்களைப் பாடினார். அவர் மறைந்தது 1900ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டில்தான் தஞ்சைப் பகுதியிலிருந்து கணவரை இழந்த தாயொருவர், தம் புதல்வரோடு ஆதரவு நாடித் திருவிதாங்கூருக்கு வந்தார். அப்புதல்வருள் ஒருவர் இராமையா என்னும் சிறுவர். அவர் இந்நகரத்து வடமொழிக் கல்லூரியில் பயின்றார். கரமனையில் நிகழ்ந்த பசனைகளில் நீலகண்ட சிவனின் பாடல்களில் உள்ளம் தோய்ந்தார். பிற்காலத்தில் பாபநாசம் சிவன் எனத் தமிழுலகு முழுதும் போற்றிய பெரியார் அவரே. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் பாடல்களும் அவருடையவை. சென்னையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். எண்ணிப் பாருங்கள்! பிழைக்க வழியின்றி எல்லை கடந்து வந்த ஒரு சிறுவன், தமிழ்ப் பாட்டின் சுவையை அறிந்தது தமிழகத்திலன்று, இந்தத் திருவனந்தபுரத்தில்!

தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939இல் இசைக்கழகமாகத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், திருநெல்வேலிச் சீமையவர். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவர். 1964இல் முதல்வராக வந்தவர் ஜி. என். பாலசுப்பிரமணியம். இவர்கள் யாவரும் வேலை ஏற்று இவ்வூருக்கு வந்தவர்களே அல்லரோ? வேலைக்கென்று வந்த இடத்தில் வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகாமல், வந்த ஊரின் பாடல்களைத் தேடித் துலக்கி, உலகறியச் செய்தார்கள். சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் இன்று மேடைதோறும் ஒலிப்பதற்கு முத்தையா பாகவதரும் செம்மங்குடியாரும் உழைத்த உழைப்பு பெருங்காரணம்.

அக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியைப் பற்றியும் நம் தாய்மார்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் பாறசாலை பொன்னம்மாள். நம் கோட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் அதே பாறசாலையில் 1924இல் பிறந்தவர். இசை பயின்று முதன்மையாகத் தேறி, பயின்ற இடத்திலேயே முதல் பெண் ஆசிரியராகவும் ஆனார். நவராத்திரி மண்டபத்தில் அக்காலத்தில் பெண்கள் பாடும் வழக்கமில்லை. கலைமகள் வீற்றிருக்கும் மண்டபத்தில் கலைமகளிர் பாட இயலவில்லை! அவ்வழக்கம் 2006இல் மாறியது. அன்று அங்கே பாடிய முதல் பெண்மணி, எண்பதைக் கடந்துவிட்ட அதே பொன்னம்மாள். 2017இல் பத்மசிறீ விருது பெற்று, 2021 சூன் திங்களில் தம் தொண்ணூற்றாறாம் அகவையில் மறைந்தார். கதவு திறக்க நாளாயிற்று. திறந்தபோது உள்ளே செல்லும் தகுதியோடு அவர் காத்திருந்தார். நம் பெண்மக்கள் நினைவிற் கொள்ளத்தக்க வாழ்வு அது.

"இவை யாவும் பெரிய சங்கீதம், எங்களுக்குத் திரையிசையே போதும்" என்று பின்வரிசை இளைஞர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நமக்கும் அது விருப்பமே. இரவுப்பணி முடித்து வீடு திரும்பும்போது களைப்பை ஆற்றுவது பெரும்பாலும் திரைப்பாடலே. அங்கும் இதே கொடுக்கல் வாங்கல்தான். தமிழர் நெஞ்சில் குடிகொண்ட எம். எஸ். விசுவநாதன் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர். சின்னக்குயில் சித்ரா 1963இல் இந்நகரிற் பிறந்தவர். கரமனை கிருட்டிணன் நாயர் அவர்களின் மகள். 1985இல் வெளிவந்த 'சிந்து பைரவி'யில் பாடியதற்காக அவர் தேசிய விருது பெற்றார். கேட்பவர்க்குப் புரியும் மொழியில் பாடல் வேண்டும் என்று கதைத்தலைவி வாதாடும் படம் அது. அதில் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர் ஒரு கரமனைப் பெண்! பாபநாசம் சிவன் வழியாக இங்கிருந்து பெற்ற கடனை நாம் இன்னும் அடைத்தபாடில்லை. அதற்குள் மேலும் கடன் ஏறிவிட்டது.

இனி, இன்று இம்மேடையில் சொல்லியே தீரவேண்டிய செய்திக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு நம் சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு ஒன்று தொடங்கிற்று. மூன்று திங்களுக்குள் அது நின்றுபோயிற்று. பள்ளிப் பாடமே சுமையாக இருக்கையில் மற்றொரு மொழி எழுத்தா என்று பெற்றோர் தயங்கினர். அத்தயக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இவ்விழாவின் பாட்டுப் பயிற்சிக்கு அதே பிள்ளைகள் ஒரு நாளும் தவறாமல் வந்தார்கள். சற்று முன்னர் அவர்கள் பாடியதைக் கேட்டு நீங்கள் மகிழ்ந்தீர்கள். அவர்கள் கையிலிருந்த தாள்களை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், நாம் கண்டோம். பாடல் தமிழ்; எழுத்து மலையாளம். சில தாள்களில் ஆங்கில எழுத்து.

மலையாள எழுத்து நமக்கு அயலன்று. நமக்குச் சோறிடும் மண்ணின் எழுத்து அது. அதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது பெருமையே. ஆயினும் ஒன்றை எண்ணுங்கள். இவ்வுரை இடம்பெறும் ஆண்டு மலரை இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இக்குடியிருப்பில் யார் படிப்பார்? ஊரிலிருக்கும் தாத்தா தம் கைப்பட எழுதி வைத்த குறிப்பேட்டை யார் பிரித்துப் பார்ப்பார்? பேசத் தெரிந்த மொழியைப் படிக்கத் தெரியாத தலைமுறையொன்று நம் கண்ணெதிரே வளர்கிறது.

இதற்கு வழியும் பாட்டிலேயே இருக்கிறது. ஆற்றுகாலில் ஆண்டுதோறும் பத்து நாள் தோற்றம்பாட்டு பாடுகின்றனர். அது கண்ணகியின் கதை. பாண்டியன் வீழும் பகுதி பாடப்பெற்றதும் பொங்கல் அடுப்பில் தீ மூட்டுகின்றனர். எண்ணிறந்த பெண்மக்கள் திரள்கின்றனர். அன்று நம் நிலையத்தில் கால் வைக்க இடமிராது. அவர்களில் சிலப்பதிகாரத்தை ஏட்டில் படித்தவர் சிலரே இருப்பர். ஆயினும் கண்ணகியை அறியாதவர் ஒருவருமிலர். மொழி எல்லையைத் தாண்டியும் அக்கதை வாழ்வது பாட்டின் வலிமையால். பாட்டைப் பற்றிக்கொண்டால் கதை நிற்கும், எழுத்தும் நிற்கும்.

ஆகவே சங்கத்தின் செயற்குழு ஆராய்வதற்கு ஒரு யோசனை. எழுத்து வகுப்பு என்னும் பெயரே வேண்டா. திங்களுக்கு ஒரு பாட்டு கற்பிப்போம். அப்பாட்டைக் கரும்பலகையில் தமிழில் எழுதுவோம். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். பாடத் தெரிந்த சொல் ஆதலின் எழுத்து தானே அடையாளம் காட்டும். அடுத்த ஆண்டு விழாவின்போது பன்னிரண்டு பாடல்கள் தம் கையெழுத்திலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கும். அண்டை வீட்டு மலையாளக் குழந்தைகளும் வரட்டும். அவர்களிடமிருந்து நம் பிள்ளைகள் ஒரு மலையாளப் பாட்டைக் கற்கட்டும். கொண்டதும் கொடுத்ததுமாக வளர்ந்த நகரில் அதுவே முறை.

தலைவர் அவர்கள் இசைந்தால், அடுத்த திங்கள் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே கூடத்தில் தொடங்கலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நாம் கொணர்கிறோம். பிள்ளைகளை நீங்கள் அழைத்து வாருங்கள்.

சுண்டல் வந்துவிட்டது என்று முன்வரிசை அறிவிக்கிறது.