நாள் சுருங்கினால்தான் அவரை பூக்கும்

மானகிரி, கல்லல், காரைக்குடிப் பக்கமெல்லாம் வைகாசியில் ஒரு கோடை மழை கொட்டிவிட்டால், கொல்லைப்புறத்தில் நாலு விதை ஊன்றாமல் யாருக்கும் கை சும்மா இருக்காது. அதில் பந்தல் அவரையும் இருக்கும். ஆனி முடிவதற்குள் கொடி பந்தலை மூடிவிடும். ஆடி போகும், ஆவணி போகும், பூ மட்டும் எட்டிப் பார்க்காது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மலட்டுக் கொடிடா தம்பி, அறுத்து ஆட்டுக்குப் போடு" என்பார். உரக்கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி யூரியா வைக்கச் சொல்வார்கள். நேயர்கள் இரண்டு யோசனையையுமே ஒதுக்கி வைப்பது நல்லது. அந்தக் கொடிக்கு நோயும் இல்லை, பசியும் இல்லை. இரவு இன்னும் போதிய அளவு நீளவில்லை, அவ்வளவுதான். யூரியா வைத்தால் இருக்கிற தழை இன்னும் இரண்டு பங்காகும்.

நம் ஊரில் எப்போதும் பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணிதானே என்று கேட்கத் தோன்றும். ஏறத்தாழ உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மானகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன்பே எழுந்து மாலை 6.38 வாக்கில் விழுகிறது. பகல் 12 மணி 42 நிமிடம். டிசம்பர் 21 வாக்கில் காலை 6.27-க்கு எழுந்து மாலை 6 மணிக்கே விழுந்துவிடுகிறது. பகல் 11 மணி 32 நிமிடம். ஆக, வருஷம் முழுவதற்கும் வித்தியாசம் 70 நிமிடம். டெல்லியில் இது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். இங்கே பகல் வேகமாகச் சுருங்கும் புரட்டாசியில்கூட நாளொன்றுக்குக் குறைவது அரை நிமிடம் சொச்சம். மனிதருக்குப் புலப்படாத இந்த அரை நிமிடத்தை நாட்டு அவரையும் மொச்சையும் கொள்ளும் சம்பா நெல்லும் கணக்கு வைத்துக்கொள்கின்றன.

இது விஞ்ஞானத்துக்குப் பிடிபட்ட கதை சுவையானது. அமெரிக்காவில் 'மேரிலாண்ட் மாமத்' என்றொரு புகையிலை ரகம் 1906-இல் தலைகாட்டியது. ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்தது, இலை இலையாகத் தள்ளியது, வயலில் பூக்கவே இல்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோனால் குட்டைச் செடியிலேயே பூத்தது. அந்நாட்டு வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் வெப்பம், ஈரம், உரம் என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துத் தோற்றார்கள். 1918 கோடையில் ஓர் இருட்டுக் கொட்டகை கட்டி, செடிகளை மாலை 4 மணிக்கு உள்ளே தள்ளி மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையிலேயே பூ வந்தது. 1920-இல் கட்டுரை வெளியாயிற்று. அதே ஆட்கள் 'பைலாக்ஸி' என்ற சோயா ரகத்தை மாதக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டு விதைத்தபோது, முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் செப்டம்பரில் சேர்ந்தே பூத்தன. வைகாசி அவரையும் ஆடி அவரையும் கொஞ்சம் முன்னே பின்னே ஒன்றாகப் பூப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அவர்களுக்கும் முன்பே, 1912 வாக்கில், பாரிஸில் ழூலியன் தூர்நுவா என்ற இளைஞர் கஞ்சாச் செடியிலும் ஹாப் கொடியிலும் இந்த விஷயத்தைத் தொட்டுவிட்டார். பகலைக் குறைத்தால் சின்னஞ்சிறு செடியே பூத்துவிடுகிறது என்று கண்டார். முதல் உலகப் போரில் உயிர் போயிற்று, ஆராய்ச்சி அத்தோடு நின்றது. கஞ்சா என்று பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை: அந்தச் செடியும் நாள் சுருங்கினால் பூக்கும் வகைதான், ஆனால் உரிமமில்லாமல் அதை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பாடம் படிக்க அவரைப் பந்தல் போதும், வாய்க்கும் ருசி.

செடி உண்மையில் எண்ணுவது பகலை அல்ல, இரவை. 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியை வைத்துச் சோதித்தார்கள். நம் கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் கிடக்கிற, ஆட்டு மயிரில் முள்ளுக்காய் ஒட்டிக்கொள்ளும் அதே செடி. ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தாலே அது பூக்கத் தயாராகிவிடும். ஆனால் அந்த இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைக் காட்டினால் பூக்காது! பகலில் சில நிமிடம் இருட்டாக்கினால் ஒன்றும் ஆவதில்லை. இரவு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் செடியின் நிபந்தனை. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டதும் நிலை மாறுகிறது. இருட்டு நீள நீள மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நடு இரவில் விளக்கு விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

வீட்டுத் தோட்டக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான் உரமூட்டையை அல்ல, காம்பவுண்டு விளக்கை. செட்டிநாட்டு வீடுகளில் இடம் விஸ்தாரம். கொல்லை வாசலில் ராத்திரி முழுக்க எரிகிற எல்.இ.டி. விளக்கு ஒன்று இருக்கும். பந்தல் அதன் கீழேயே போடப்பட்டிருக்கும். ஐப்பசியில் அந்தப் பந்தலைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். விளக்குக்கு மறுபக்கம், சுவர் நிழல் விழும் இடத்தில், ஊதாப் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். விளக்கைப் பார்த்த பக்கம் வெறும் தழையாக இருக்கும். இப்படி ஒரே பந்தல் பாதி பூத்துப் பாதி பூக்காமல் நின்றால் குற்றவாளி விளக்குதான். அதை அணைக்கலாம், திசை திருப்பலாம், மேலே தகரத்தை வளைத்து ஒளியைக் கீழே மட்டும் விழச் செய்யலாம். தெருவிளக்கின் ஓரத்தில் நெற்கதிர் தாமதமாவதை ஜப்பானிலும் கொரியாவிலும் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். பௌர்ணமி நிலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த வெளிச்சம் போதாது.

அடுத்தது பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி மழையை மட்டும் வைத்துச் சொன்னதென்று பலர் நினைக்கிறார்கள். மழை ஒரு பாதி. ஆடியில் ஊன்றினால் கொடிக்கு உடம்பு பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது, அதற்குள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கிவிடுகிறது, பூ வருகிறது. வைகாசியில் ஊன்றினால் இரண்டு மாதம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி அதே சமயத்தில்தான் காய் பறிக்க முடியும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்களும் அப்படியே: விதைப்பு முன்னே பின்னே ஆனாலும் அறுவடை தையை ஒட்டி வந்து சேரும். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனத்துக்கு அது பெரிய பாதுகாப்பு. மழை விட்ட பிறகு கதிர் முற்றும். களத்துமேடு காய்ந்து கிடக்கும். ஐ.ஆர்.8 1966-இல் வந்தபோது நாள் நீளத்தைச் சட்டை செய்யாத நெல் பரவியது. எந்தப் பட்டத்திலும் விளைந்தது, ஆனால் விதைத்த நாளிலிருந்து எண்ணி முதிர்ந்ததால், தேதி தப்பினால் அடைமழையில் அறுக்க வேண்டியதாயிற்று. புதிய ரகம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. இரண்டுக்கும் காலண்டர் வேறு.

மழை பிந்தி, ஆடியில் போட முடியாமல் புரட்டாசியில் போடுகிறவர்கள் என்ன செய்வது? துவரை, மொச்சை இரண்டுக்கும் பதில் ஒன்றே. பிந்தி விதைத்த செடி வளர நேரமில்லாமல் இடுப்பளவிலேயே பூத்துவிடும். ஆகவே வழக்கமான இடைவெளி விட்டால் நிலம் பாதி சும்மா கிடக்கும். வரிசையை நெருக்கி, விதையைக் கூட்டிப் போட வேண்டும். கொள்ளுக்கு இந்தத் தொல்லை இல்லை. புரட்டாசி, ஐப்பசிதான் அதற்கு உகந்த காலம். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை போடுவோர் நேர் எதிராக யோசிக்க வேண்டும்: பூ வேண்டாம், தழை வேண்டும் என்பதால் பகல் நீண்டிருக்கும் சித்திரை, வைகாசி ஈரத்தில் போடுவது லாபம்.

வருஷம் முழுக்க அவரை வேண்டுமென்பவருக்கும் வழி உண்டு. நாள் நீளத்துக்கு அசையாத குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அந்த வகை. பந்தலும் தேவையில்லை. ருசியில் நாட்டு அவரைக்கு ஈடில்லை என்று ஆச்சிகள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் சாமந்தி போடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொழிலாகவே செய்கிறார்கள். சாமந்தியும் நீண்ட இரவில் பூப்பது. நம் ஊர்ப் பகலே அதற்குக் குறும்பகல்; விட்டால் காம்பு நீளுமுன் மொட்டு வைத்துவிடும். அதனால் நாற்று நட்ட பிறகு சில வாரம் இரவு நடுவில் பல்பு போட்டு வளர விடுகிறார்கள், பிறகு விளக்கை நிறுத்திவிடுகிறார்கள். டிராகன் பழத்துக்கு எதிர்த் தந்திரம்: அது நீண்ட பகலில் பூப்பதால், பருவமில்லாத மாதங்களில் விளக்குப் போட்டுப் பூ எடுக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் பகல் வெளிச்சத்தின் மேல் போடவும் கூடாது. தக்காளியும் கத்தரியும் நாள் நீளத்தை லட்சியம் செய்வதில்லை. மல்லிகை பூக்காவிட்டால் கவாத்தைப் பாருங்கள், மாமரம் பூக்காவிட்டால் மழையும் பனியும் எப்படி இருந்தன என்று பாருங்கள்.

விதை வாங்கும்போது ரகத்தின் பெயரோடு, எந்தப் பட்டத்துக்கு உரியது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பயறு வகைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. அதற்குள் பந்தல்கால் ஊன்றி, கொல்லை விளக்கின் முகத்தையும் திருப்பி வையுங்கள்.